ஊர்க் குறூப்பை மூடுவதா, நடத்துவதா?

வன்னியில் குளத்தை நம்பி வாழும் ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 34 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. போன மாரியில், குளம் வான் பாயப்போகிறதா, எந்த வாய்க்கால் கரை உடைந்தது, எந்தப் பாதையால் போகலாம் என்று ஆளுக்காள் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்கினார். கமக்காரர் அமைப்பின் செயலாளர் காலையில் குளத்தின் நீர்மட்டத்தைப் போடுவார். கிராம சேவையாளரின் அறிவித்தல்களும் அதிலே வரும். மழை விட்ட பிறகும் குறூப் வளர்ந்துகொண்டே போனது. கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று போயிருந்த ஊரவர்கள் வந்து சேர்ந்தார்கள். இப்போது அறுநூறு பேருக்கு மேல்.

அதன் பிறகுதான் வினை. கனடாவில் இருக்கும் பெரியப்பா முறையான ஒருவர், தன் காணியின் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று பக்கத்துக் குடும்பத்தின் பெயரைச் சொல்லி எழுதி, வேலிப் படத்தையும் காணிப் பெர்மிற்றின் பிரதியையும் போட்டார். அடையாள அட்டை இலக்கம் உட்பட எல்லாம் அதில் தெரிந்தது. அடுத்து மே மாதத்தில் யாரோ ஒரு பழைய படத்தைப் பகிர்ந்தார். விடுதலைப் புலிகள் இயக்கச் சீருடையில் நிற்கும் நாலைந்து பிள்ளைகளில் ஒருத்தி இப்போது அதே ஊரில் கலியாணம் கட்டி இருக்கிறாள். புகுந்த வீட்டுக்கு அவளுடைய பழைய கதை தெரியாது. கடைசியாக, சிவில் உடையில் வந்த இருவர் "இந்தக் குறூப்பின் அட்மின் யார்" என்று கிராம சேவையாளரிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கணவர் இன்றைக்கே மூடு என்கிறார். சுவிஸில் இருக்கும் அண்ணன், பயந்து சாகாதே, எல்லாரும் எழுதட்டும் என்கிறார். குறூப்பில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் நானா பொறுப்பு, அவதூறு வழக்கில் சிறைக்குப் போவேனா, ஒருவரைக் குறூப்பிலிருந்து எடுத்தால் அவருடைய பேச்சுரிமையை மீறியதாகுமா என்று கேட்டிருக்கிறார். பாலர் பாடசாலைக் கூரைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த காசு தன் சொந்தக் கணக்கில் கிடக்கிறது என்பதையும் கடைசி வரியில் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி, குறூப்பை மூட வேண்டாம். உங்கள் கணவரின் பயம் விளங்குகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது யாருக்கும் அந்த எண்ணம்தான் முதலில் வரும். ஆனால் வந்த படங்கள் நூற்றுக்கணக்கான போன்களில் இறங்கிவிட்டன. நீங்கள் விலகுவதால் அவை அழியப்போவதில்லை. இருக்கிற ஒரே அட்மின் விலகினால் வட்ஸ்அப் உள்ளே இருக்கும் வேறொருவரைத் தானாகவே அட்மினாக்கிவிடும். அது யாராக இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. ஊர் நிலவரம் தெரியாத ஒருவர் கையில் அதே அறுநூறு பேரும் இருப்பார்கள். அடுத்த மாரிக்குத் தண்ணீர் நிலவரம் சொல்ல இடமும் இருக்காது. அதற்காக இப்போது இருக்கிற மாதிரியே விட்டுவைக்கவும் கூடாது. எப்படி மாற்றுவது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எதற்கு நீங்கள் பொறுப்பு

அட்மினாக இருப்பதையே குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. நீங்கள் எழுதியதும் நீங்கள் பகிர்ந்ததும் உங்கள் பொறுப்பு. மற்றவர் எழுதியதற்கு, நீங்கள் தூண்டினீர்கள் அல்லது தெரிந்துகொண்டே துணைபோனீர்கள் என்று ஒருவர் காட்ட முயன்றால்தான் பேச்சு உங்கள் பக்கம் திரும்பும். ஆகவே பிழையான ஒன்று கண்ணில் பட்டதும் எடுத்துவிட்டு, எதை, எந்தத் திகதியில், ஏன் எடுத்தேன் என்று ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதி வையுங்கள். அந்தக் கொப்பி ஒருநாள் உங்களுக்காகப் பேசும். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பலாம் என்று குறூப்பை மியூட்டில் போட்டுவிட்டு இருப்பது பாதுகாப்பு இல்லை.

அவதூறுக்காகச் சிறை என்ற பயத்தை விடுங்கள். குற்றவியல் அவதூறு 2002இல் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பெயர் கெட்டதற்கு நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அது எழுதியவர் மேல்தான் முதலில் வரும்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டிய சட்டங்கள் வேறு. ஒன்று, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். நீக்குவோம் என்று அரசாங்கங்கள் சொல்லிக்கொண்டிருக்க, இயக்கத்தின் சின்னத்தையும் தலைவர்களின் படத்தையும் முகநூலில் போட்டதற்காகப் பிள்ளைகள் அதன் கீழ் கைதாகியிருக்கிறார்கள். இரண்டாவது, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம். பெயரைப் பார்த்தால் உரிமையைக் காக்கும் சட்டம் போல இருக்கும். அதன் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைப் பற்றியது. தண்டனை பத்து வருடம் வரை போகலாம், பிணையை மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விசேட காரணம் இருந்தால்தான் கொடுக்கும். முகநூலில் ஒரு சிறுகதையைப் போட்ட சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் இந்தச் சட்டத்தில் பிடிபட்டு நான்கு மாதம் உள்ளே இருந்தார். பிறகு விடுவிக்கப்பட்டார் என்பது சரி, ஆனால் அந்த நான்கு மாதத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்றாவது, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். பொய்யான கூற்றைப் பரப்புவதையும், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய தனிப்பட்ட விபரங்களை வெளியிடுவதையும் அது குற்றமாக்கியிருக்கிறது. பெரியப்பா போட்ட பெர்மிற் பிரதி இந்த இடத்துக்குக் கிட்ட வருகிறது.

பேச்சுரிமை பற்றிக் கேட்டீர்கள். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் அந்த உரிமை அரசுக்கு எதிராக நிற்பது. நீங்கள் அரசு இல்லை. ஒரு பதிவை எடுப்பதாலோ ஒருவரை வெளியே விடுவதாலோ எவருடைய அடிப்படை உரிமையையும் நீங்கள் மீறவில்லை. ஆனாலும் நியாயமாக நடக்க வேண்டும். ஊருக்குள் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டுமே.

அண்ணன் சொல்வது அவர் இருக்கும் இடத்துக்குச் சரி

உங்கள் அண்ணனைக் கோபிக்காதீர்கள். சுவிஸ் அந்த இயக்கத்தைத் தடைசெய்யவே இல்லை. அவர் அங்கே கொடி பிடித்து ஊர்வலம் போகலாம், விரும்பியதை எழுதலாம், யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். பல வருடம் அப்படி வாழ்ந்தவருக்கு உங்கள் பயம் கோழைத்தனமாகத்தான் தெரியும். அவர் எழுதும் வரி அவர் போனிலிருந்து உங்கள் ஊரில் இருக்கும் நானூறு போனுக்கு வருகிறது. அந்தப் போன்களை வைத்திருப்பவர்களில் இயக்கத்தில் இருந்து, அரசின் புனர்வாழ்வு முடித்து வந்து இன்றும் இடைக்கிடை விசாரிக்கப்படுகிறவர்கள் இருக்கலாம், சமுர்த்தி உத்தியோகத்தர் இருக்கலாம், கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண் இருக்கலாம். எழுதுகிறவர் ஒரு நாட்டில், அதற்குப் பதில் சொல்கிறவர் இன்னொரு நாட்டில்.

ஆகவே என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதை ஊரில் இருப்பவர்களே தீர்மானிக்க வேண்டும். அவர்களிலும் ஆகக் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடியவரை மனதில் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். இதை அண்ணனுக்கு எழுத்தில் அனுப்பாமல் நேரே போன் எடுத்துச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் வெளிநாட்டு ஊரவர்களுக்கென்று தனியாக ஒரு குறூப் நடத்தட்டும், அதில் நீங்கள் இருக்கத் தேவையில்லை.

செத்தவர்களை நினைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊரில், போர் முடிந்த நாளான மே 18இல் விளக்கு வைக்காத வீடு அனேகமாக இருக்காது. 2024 மே மாதம் சம்பூரில், போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்குப் பெண்கள் கைதாகியதும் உங்களுக்குத் தெரியும். பயப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் தன் பிள்ளைக்கு ஒரு தாய் நாலு வரி எழுதுவதும், தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னத்தைப் போடுவதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. முதலாவதற்கு இடம் கொடுங்கள். இரண்டாவது வேண்டாம் என்று விதியில் வெளிப்படையாகவே எழுதுங்கள்.

அந்தப் பெண்ணின் படம்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். குறூப்பில் நடந்த எல்லாவற்றிலும் இதை முதலில் கவனியுங்கள்.

அட்மின் என்ற முறையில் அந்தப் படத்தை எல்லாருக்கும் அழிக்கப் பாருங்கள், நாள் கடந்திருந்தால் வட்ஸ்அப் விடாமலும் போகலாம். விட்டால் அது குறூப்பிலிருந்து போகும். ஆனால் தானாகப் படம் இறங்கும்படி வைத்திருப்பவர்களின் கலரியில் அது கிடக்கும். "அந்தப் படத்தை எல்லாரும் அழித்துவிடுங்கள், அதில் இன்னார் நிற்கிறார்" என்று மட்டும் குறூப்பில் அறிவித்துவிடாதீர்கள். பார்க்காதவரும் தேடிப் பார்ப்பார். பொதுவாக, "பழைய படங்களை, அதில் நிற்பவரின் சம்மதம் இல்லாமல் இங்கே போட வேண்டாம், போட்டவற்றை எடுத்திருக்கிறேன்" என்று ஒரு வரி போதும். படத்தைப் போட்டவரோடு தனியாகக் கதையுங்கள். அனேகமாக அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார், பழைய ஞாபகத்தில் போட்டிருப்பார். படத்தின் பிரதியை ஆதாரத்துக்கென்று நீங்களும் வைத்திருக்க வேண்டாம். போட்டவர் யார், எத்தனை மணிக்கு, எப்போது எடுத்தேன் என்ற குறிப்புப் போதும்.

பிறகு அந்தப் பெண்ணைப் போய்ப் பாருங்கள். மெசேஜ் அனுப்பாதீர்கள், போன் வீட்டில் யார் கையில் இருக்கும் என்று தெரியாது. சங்கத்துக்குச் சாமான் வாங்க வரும்போதோ கிணற்றடியிலோ தனியாகக் கதைக்க ஒரு நேரம் கிடைக்கும். நடந்ததைச் சொல்லுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். புகுந்த வீட்டுக்கு அவளே சொல்லப்போகிறாளா, சொல்லாமல் விடப்போகிறாளா என்பது முழுக்க அவளுடைய முடிவு. உதவி என்று நினைத்து அவளுடைய மாமியோடு நீங்கள் கதைக்கப் போய்விடாதீர்கள். அந்தப் படத்தை வைத்து யாராவது அவளை மிரட்டினாலோ காசு கேட்டாலோ அது தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு அவளே எடுக்கலாம். என்னிடமும் வரலாம், பெயர் வெளியே போகாது.

வேலியும் பெரியப்பாவும்

காணிச் சண்டை குறூப்பில் ஒருநாளும் தீராது. பெர்மிற் பிரதியை உடனே எடுத்துவிடுங்கள். பிறகு பெரியப்பாவுக்குப் போன் எடுத்து, "உங்கள் பதிவை எடுத்திருக்கிறேன், உங்களை எடுக்கவில்லை" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சொல்லாமல் தூக்கினால், தன் காணியும் போய், ஊரும் தன்னைத் தள்ளிவிட்டது என்றுதான் அந்த மனுசன் நினைப்பார். அந்த வயதில் அது பெரிய அடி.

அந்தச் சண்டைக்குள் ஒருவர், பத்து வருடம் இருந்தவனுக்கே காணி சொந்தம் என்று எழுதியதாகவும், பலர் அதை ஆமோதித்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். இது வன்னி முழுக்கப் பரவியிருக்கும் தப்பான எண்ணம். பெர்மிற் காணி என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணி. அரச காணியில் எத்தனை வருடம் இருந்தாலும் ஆட்சியுரிமை வராது. பத்து வருடக் கணக்கு, உறுதி இருக்கும் தனியார் காணிக்குத்தான் பொருந்தும். அதிலும், போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதன் கீழ் வழக்குப் போடவும் காலவரம்பு இருந்தது. ஆகப் பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளியதால் காணி அவருடையதாகிவிடாது. அதேநேரம் பெரியப்பா கனடாவில் இருந்துகொண்டு காணியை வருடக்கணக்காகச் சும்மா விட்டிருந்தால், அறிவித்தல் கொடுத்துப் பெர்மிற்றை ரத்துச்செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் போக வேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதி. பெரியப்பா பெர்மிற்றில், தனக்குப் பிறகு காணி சேர வேண்டிய பின்னுரித்தாளராக யாருடைய பெயரைக் கொடுத்திருக்கிறார் என்பதை முதலில் பார்க்கட்டும். வேலியடியில் கைகலப்பு வரும் நிலை வந்தால் பொலிஸ் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும். அதற்கு முன் பதிவை எடுப்பது இரண்டு குடும்பத்துக்கும் நல்லது.

இனி எப்படி நடத்துவது

ஒரே குறூப்பில் எல்லாவற்றையும் வைத்ததுதான் சிக்கலுக்குக் காரணம். இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, அறிவித்தலுக்கு மட்டும்: நீர்மட்டம், வாய்க்கால், யானை வந்த செய்தி, உரம் வந்த செய்தி, செத்தவீடு. இதில் அட்மின்கள் மட்டும் எழுதும்படி வையுங்கள். மற்றது கதைப்பதற்கு. இங்கே எல்லாரும் எழுதலாம். ஆனால் புதிதாக வருபவரை அட்மின் பார்த்துச் சேர்க்கும்படி மாற்றி, இணைப்பு லிங்க்கை உடனே புதுப்பியுங்கள், பழைய லிங்க் எங்கெல்லாம் சுற்றுகிறதோ தெரியாது. குறூப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் போன் நம்பரும் மற்ற எல்லாருக்கும் தெரியும் என்பதையும் சனத்துக்குச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் பெண்கள் பலர் இதை யோசிப்பதில்லை.

நீங்கள் ஒருவரே அட்மினாக இருக்காதீர்கள். மூன்று பேர் வேண்டும். ஒருவர் கமக்காரர் அமைப்பிலிருந்து, ஒருவர் மாதர் சங்கத்திலிருந்து, நீங்கள். மூவரும் ஊரில் இருப்பவர்களாக இருக்கட்டும். மூன்று பேரும் ஒரே கட்சிக்காரராகவோ ஒரே சாதியாகவோ இருந்தால் குறூப் அவர்களுடையது என்று மற்றவர்கள் சொல்லத் தொடங்குவார்கள், கவனமாகத் தெரிவுசெய்யுங்கள்.

விதிகளை நீங்கள் மட்டும் எழுதிப் போடவேண்டாம். எங்கள் ஊர்ச் சனத்துக்கு யாப்பு, அதாவது சங்க விதிக்கோவை, என்றால் என்னவென்று தெரியும். கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில், மரண உதவிச் சங்கம் எல்லாம் யாப்போடுதான் ஓடுகின்றன. வாசிகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்து, பத்து வரிக்கு மேல் போகாத விதிகளை வாசித்து, ஆமோதித்து, கூட்டறிக்கையில் ஏற்றுங்கள். எதை எழுதலாம் என்ற பட்டியல் தேவையில்லை. எடுக்கப்படுபவை எவை என்று தெளிவாக இருந்தால் போதும்: மற்றவரின் அடையாள அட்டை, காணிப் பத்திரம், வைத்தியப் பத்திரம், சம்மதமில்லாத படம், யார் எந்தக் காலத்தில் எங்கே இருந்தார், யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற கதை, இயக்கச் சின்னம், இன்னொரு இனத்தையோ மதத்தையோ சாதியையோ தூற்றுவது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பார்வர்ட். காட்டிக்கொடுத்தார் என்ற கதையில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். ஆதாரமில்லாமல் எழுதப்படும் அந்த ஒரு சொல்லால் எங்கள் ஊர்களில் குடும்பங்கள் அழிந்திருக்கின்றன.

காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் இருந்தால் இன்னொன்றும் சேருங்கள். "உங்கள் மகனை முகாமில் கண்டேன், காசு அனுப்புங்கள்" என்று நடிப்பவர்கள், இப்படியான குறூப்பில் இருந்துதான் தாய்மாரின் நம்பரைப் பொறுக்குகிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் போல உங்கள் ஊரிலும் பிள்ளையின் படத்தோடு இருப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் படத்தைப் போட விரும்பினால் போடட்டும், தொடர்புக்கு அவர்கள் நம்பருக்குப் பதில் அட்மின் ஒருவரின் நம்பரைக் கொடுங்கள்.

ஒருவரை வெளியே விட வேண்டி வந்தால், மூன்று அட்மின்களும் ஒத்துக்கொண்ட பிறகு, காரணத்தை அவருக்குத் தனியாகச் சொல்லிவிட்டு, இரண்டு கிழமைக்கு என்று விடுங்கள். திரும்பி வர வழி இருந்தால் பகை குறையும்.

காசு விஷயம். அதை இந்தக் கிழமையே உங்கள் கணக்கிலிருந்து மாற்றுங்கள். வெளிநாட்டிலிருந்து பலர் அனுப்பிய காசு ஒரு தனிநபரின் கணக்கில் கிடப்பது, நீங்கள் ஒரு சதம் எடுக்காவிட்டாலும், எங்கள் பகுதியில் கேள்விக்கு இடம் வைக்கும். பிரதேச செயலகத்தில் பதிந்த கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு மாற்றி, பற்றுச்சீட்டு வாங்கி, அதன் படத்தைக் குறூப்பில் போடுங்கள்.

கூப்பிட்டால்

அட்மின் யார் என்று கேட்டுப் போனதோடு அது முடியவும் கூடும். ஒளிக்க வேண்டாம். கிராம சேவையாளரிடம் போய், குறூப் நான் நடத்துவது, விதிகள் இவை என்று கூட்டறிக்கையின் பிரதியைக் கொடுங்கள். விசாரணை தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு போனை முழுக்க அழிப்பதோ மாற்றுவதோ வேண்டாம், மறைக்க ஏதோ இருந்தது போல ஆகிவிடும்.

போனில் "வந்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டால், எங்கே, எதற்கு, யார் முன்னால் என்று எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சட்டத்தரணியோடு போங்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள நிலையத்தை நாடலாம். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள், உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைதுசெய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டியது அவர்களுடைய கடமை, அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அறிவிக்கட்டும் என்று காத்திருக்காமல், உங்கள் கணவர் அன்றே 1996 என்ற இலக்கத்துக்கோ ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்தியக் காரியாலயத்துக்கோ எடுக்கட்டும். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இதை இப்போதே கணவருக்கு வாசித்துக் காட்டி, இலக்கங்களை அவருடைய போனிலும் சேர்த்து வையுங்கள்.